முளையைப் பார்க்கக் கற்போம்



பத்தாம் வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகள் முதல் இடைப்பருவத் தேர்வை எழுதி முடித்து, திருத்திய விடைத்தாள்களோடு வீடு திரும்பிக்கொண்டிருக்கும் நாட்கள் இவை. விஸ்வநத்தத்தின் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது. "எத்தனை மார்க்?" ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் அதே கேள்வி, குடும்ப ஜெபத்திற்குச் சென்ற வீட்டிலும் அதே கேள்வி. பதில் எண்பதுக்குமேல் இருந்தால் புன்னகையும், நாற்பதுக்குக்கீழ் இருந்தால் ஒரு நீண்ட மௌனமும், அதற்குப்பின் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிய ஒரு வார்த்தையும் வருகின்றன. அந்த மௌனமும் அந்த வார்த்தையும் நம் பிள்ளைகளுக்கு என்ன செய்கின்றன என்பதைக் குறித்தும், ஆண்டின் இந்தத் தொடக்கப்பகுதியில் அவர்களிடம் நாம் எதை முன்னேற்றம் என்றும் எதைச் சாதனை என்றும் கருத வேண்டும் என்பதைக் குறித்தும் இந்த வாரம் என் கருத்தை எழுதுகிறேன். எல்லாரும் இதை ஏற்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சபையாய் நாம் இதைப் பேசியாக வேண்டும்.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன ஓர் உவமை உண்டு. விதைத்தவன் உறங்குகிறான், எழுகிறான்; அவன் அறியாத விதமாய் விதை முளைத்து வளர்கிறது. அதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் முளை, அடுத்தது கதிர், கடைசியிலே மணி. கரிசல் மண்ணை அறிந்த நமக்கு இது புதிதன்று. பருத்தியோ கம்போ முளைவிட்ட மூன்றாம் வாரத்தில் வயலுக்குச் சென்று மணி எங்கே என்று தேடுகிற சம்சாரி ஒருவரும் இல்லை. முளை பரவலாய் வந்திருக்கிறதா, இடைவெளி விழுந்திருக்கிறதா, களை மண்டியிருக்கிறதா என்றுதான் அவர் பார்ப்பார். பயிரிடம் இத்தனை பொறுமையாய் இருக்கத் தெரிந்த நாம், பிள்ளைகளிடம் மட்டும் ஜூலை மாதத்திலேயே மணியைக் கேட்கிறோம்.

பத்தாம் வகுப்பின் முதல் மூன்று மாதங்களில் ஒரு பிள்ளையின் முன்னே வந்து நிற்பவை என்னென்ன என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். கணிதப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும். ஒன்பதாம் வகுப்புவரை எண்களைக் கூட்டியும் பெருக்கியும் பழகிய பிள்ளை, இங்கே முதன்முறையாக ஒரு கணத்திலிருந்து இன்னொரு கணத்திற்குச் செல்லும் தொடர்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அறிவியலில் முதல் பாடம் இயக்க விதிகள். சமூக அறிவியலில் முதல் உலகப்போரும் அதன் பின்விளைவுகளும். பாடம் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் நூறு, தேர்ச்சி பெற முப்பத்தைந்து. பொதுத்தேர்வு என்னும் சொல்லும் அவர்களின் வாழ்வில் இந்த ஆண்டுதான் முதன்முதலாக நுழைகிறது. இத்தனையும் ஒன்றாய்த் தலைமேல் ஏறும் காலத்தில் நடத்தப்படும் முதல் தேர்வு, பிள்ளை எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதைக் காட்டுவது. எங்கே போய்ச் சேரும் என்பதை அது காட்டுவதில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு மாணவன் ஜூன் மாதம் வகுப்பாசிரியர் வைத்த சிறு தேர்வில் பதினெட்டு மதிப்பெண் பெற்றான் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பருவத் தேர்வில் முப்பத்தொன்று பெறுகிறான். இன்னொரு மாணவி ஜூனில் எண்பத்தெட்டு, இப்போது எண்பத்தாறு. நம் வழக்கப்படி அந்த மாணவிக்குப் பாராட்டும், அந்த மாணவனுக்கு "இன்னும் பாஸ் மார்க்கே வரவில்லையா?" என்ற கேள்வியும் கிடைக்கும். ஆனால் இரண்டே மாதங்களில் அதிக தூரம் நடந்து வந்தது யார்? அவன் பதின்மூன்று படிகள் ஏறியிருக்கிறான். இன்னும் நான்கு படிகள் ஏறினால் வாசல். அந்த இடத்தில் நின்றுகொண்டு மூச்சு வாங்கும் பிள்ளையை நம் ஒரு வார்த்தை கீழே தள்ளிவிடலாம். ஒரு வார்த்தை உள்ளே கைபிடித்து இழுத்தும் விடலாம். முப்பத்தொன்று என்பதைத் தோல்வி என்று படிப்பதும் முளை என்று படிப்பதும் நம் கண்ணில் இருக்கிறது.

இதைப் பொதுவான அறிவுரையாக எந்த ஊரிலும் சொல்லிவிடலாம். நம் ஊரில் இதைச் சொல்வதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு. பள்ளியின் ஆண்டும் தொழிலின் ஆண்டும் இங்கே ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. ஜூனில் பள்ளி திறக்கிறது. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில். தீபாவளியோ அக்டோபரில் அல்லது நவம்பரில். பாடத்தின் அஸ்திவாரம் போடப்படும் அதே மாதங்களில்தான் பட்டாசு ஆலைகளில் வேலை உச்சத்திற்கு ஏறுகிறது. ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் அச்சகங்களில் ஆர்டர் குவியத் தொடங்குகிறது. தாயும் தகப்பனும் விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்புகிறார்கள். தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்புவது, தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது எல்லாம் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளையின் தோளில் விழுகின்றன. ஆண்பிள்ளைக்கோ "சனி ஞாயிறு மட்டும் வா, கையில் ரொக்கம் தருகிறேன்" என்னும் அழைப்பு வருகிறது. சனி ஞாயிறு வெள்ளியாகிறது; வெள்ளி வியாழனாகிறது. வருகைப் பதிவேட்டில் முதல் இடைவெளி விழும் மாதம் எது என்று நம் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகையால் நான் உறுதியாய்ச் சொல்லுகிறேன்: நம் பகுதியில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஜூன் முதல் தீபாவளி வரை ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்குச் செல்லுமானால், அதுவே அந்தப் பருவத்தின் தலையாய சாதனை. மதிப்பெண் அதற்கு அடுத்ததுதான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இன்று விளங்காதது நாளை விளங்கலாம். வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு எதுவும் விளங்க வழியில்லை.

சட்டம் இந்தப் பிள்ளைகளை எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்பு வரை, இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த வேலியைத் தாண்டி வந்துவிட்டது. மறுபுறம், 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவது தடைசெய்யப்பட்டதோடு, பதினெட்டு வயது நிறையாதவர்களை வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் முதலிய அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவதும் தடைசெய்யப்பட்டது. ஆக, பதினைந்து வயதுப் பிள்ளையை மருந்துக்கு அருகே விடக்கூடாது என்று சட்டம் சொல்லுகிறது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பள்ளியில் இருத்தி வைக்கும்படி எட்டாம் வகுப்பு வரை இருந்த கட்டாயம் இப்போது இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் சபையும்தான். வேறு யாரும் வரப்போவதில்லை.

இந்த இடத்தில் நாம் எங்கிருந்து வந்திருக்கிறோம் என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும். நம் சபையின் மூத்த தாய்மார் பலருக்குச் சிறுவயது நினைவு என்பதே தீப்பெட்டி ஆபீஸ்தான். கட்டையில் குச்சி அடுக்கிய விரல்கள், பெட்டி ஒட்டிய பசை, விடியற்காலையில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச்சென்ற வண்டி ஆகியவற்றை அவர்கள் இன்றும் சொல்லுவார்கள். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளரைக் குறித்து எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க அரசு முயல வேண்டும். இயலாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கோ டில்லியில் எழுதப்பட்டாலும் அது நம் தெருக்களைப் பற்றியது. அன்று குச்சி அடுக்கிய பெண்ணின் மகள் எட்டாம் வகுப்போடு நின்றாள். அவளுடைய மகள் இன்று பத்தாம் வகுப்பில் சார்புகளைப் பற்றிப் படிக்கிறாள். மூன்று தலைமுறைகளில் எடுத்துவைத்த அடி இது. அந்தப் பேத்தியின் விடைத்தாளில் நாற்பத்திரண்டு என்று இருந்தால், அந்த நாற்பத்திரண்டுக்குப் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நம் மாவட்டத்தின் பெயரைச் சொன்னாலே தேர்ச்சி விழுக்காடு நினைவுக்கு வரும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல்லாண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. இடையில் சில ஆண்டுகள் அந்த இடம் வேறு மாவட்டங்களுக்குப் போனாலும், 2023-இல் 97.85 விழுக்காட்டுடன் மீண்டும் முதலிடம் வந்தது. வானம் பார்த்த பூமி, தீப்பெட்டியும் பட்டாசும் என்று அறியப்பட்ட மண்ணுக்கு இது எளிதில் கிடைத்த பெருமை அன்று. ஆசிரியப் பெருமக்களின் மாலை வகுப்புகளும் பெற்றோரின் வைராக்கியமும் அதில் உண்டு. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம்.

ஆனால் விழுக்காடு என்பது தேர்வு எழுதினவர்களின் கணக்கு. எழுத வராதவர்கள் அதில் இல்லை. அதே 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் நாள் மொழித்தாளுக்குத் தமிழகம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி எல்லாரையும் அதிரச் செய்தது. விசாரித்தபோது, அவர்களுள் பலர் அன்று காலையில் மனம் மாறியவர்கள் அல்லர், நீண்ட நாட்களாகவே பள்ளிக்கு வராதவர்கள் என்பது தெரிந்தது. பெயர் பதிவேட்டில் இருந்தது. பிள்ளை வகுப்பில் இல்லை. மார்ச்சில் தெரியவந்த அந்த வெறுமை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பத்தாம் வகுப்புக்கும் இதே பாடம்தான். மே மாதம் நாளிதழில் வரும் விழுக்காட்டைக் கொண்டாடுகிற நாம், ஜூலையிலும் ஆகஸ்டிலும் மெல்ல நழுவிப்போகிற ஒரு பிள்ளையைக் கவனிக்காவிட்டால், அந்தக் கொண்டாட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனதைத் தேடிப்போன மேய்ப்பனை நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். தொண்ணூற்றொன்பது விழுக்காடு என்பதில் அந்த மேய்ப்பன் மனநிறைவு கொள்ளவில்லை.

இதற்கு எதிராக இரண்டு கருத்துகள் எழும் என்பதை அறிவேன். இரண்டிலும் நியாயம் இருப்பதால் அவற்றைத் தட்டிவிட்டுப் போக விரும்பவில்லை.

முதலாவது: "ஐயா, மார்க் முக்கியமில்லை என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள். உலகம் மார்க்கைத்தானே கேட்கிறது?" உண்மை. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதை மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்ச்சில் கேட்க வேண்டியதை ஜூலையில் கேட்காதிருங்கள் என்கிறேன். ஜூலையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இந்த வாரம் எது விளங்கியது? எது இன்னும் விளங்கவில்லை? யாரிடம் கேட்டாய்?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு மார்ச்சில் மதிப்பெண் வரும். கணிதத்தில் வடிவியல் வரைபடத்துக்கு எட்டு மதிப்பெண், வரைபடக் கணக்குக்கு எட்டு மதிப்பெண். கவராயமும் அளவுகோலும் பிடித்துத் தினமும் ஒன்று போட்டுப் பழகும் பிள்ளைக்கு அந்தப் பதினாறும் கைக்குள் வந்துவிடும். பழக்கம் ஆண்டின் தொடக்கத்தில் உண்டாக வேண்டியது. கடைசி மாதத்துப் பதற்றம் அந்த வேலையைச் செய்யாது.

இரண்டாவது கருத்து இன்னும் கனமானது. "வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாததா? தீபாவளிக்கு முன் நாலு காசு சேர்த்தால்தானே வட்டியைக் கட்ட முடியும்? பிள்ளை ஒரு கை கொடுத்தால் என்ன?" இதைக் கேட்கிற தகப்பனை நான் கடிந்துகொள்ளப் போவதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வகைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது முதல், சரவெடிக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் வந்த தடையாலும் ஆலைகளின் அடைப்பாலும் எத்தனை வீடுகளில் வேலை நாள் குறைந்தது என்பதை நாம் கண்டிருக்கிறோம். கஷ்டம் மெய்யானது. ஆனால் அந்தக் கஷ்டமே என் வாதத்திற்கு ஆதாரமாகவும் நிற்கிறது. ஒரே தொழிலை நம்பியிருக்கும் வீடு, அந்தத் தொழில் தும்மும்போதெல்லாம் காய்ச்சலில் விழுகிறது. வீட்டில் ஒருவராவது வேறொரு வாசலைத் திறந்தால்தான் அந்தக் கட்டு தளரும். பத்தாம் வகுப்பு அந்த வாசலின் முதல் தாழ்ப்பாள். இரண்டு மாதக் கூலிக்காக அதை மூடிவிடுவது, விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம். பசிக்கிறவனுக்கு அந்தச் சோறும் இனிக்கும். அடுத்த போகம்தான் இருக்காது.

அபாயத்தையும் மறந்துவிட முடியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நாளின் புகையை நம் ஊரில் மறந்தவர் இல்லை. அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் விபத்துகள் நடக்கின்றன. வீட்டில் வைத்துப் பட்டாசு செய்வதும் திரி அறுப்பதும் சட்டத்திற்குப் புறம்பானவை மட்டுமல்ல. உறங்குகிற குழந்தைகளின் தலைமாட்டில் நெருப்பை வைப்பதும் ஆகும். விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் இருக்கிறார்கள். பட்டாசு ஆலை விபத்துகளில் உயிரிழந்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய உயர்கல்வி வரையான செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் 2024 நவம்பரில் விருதுநகரில் நடந்த அரசு விழாவில் முதலமைச்சர் அறிவித்தார். அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அந்த உதவிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒருவர் உடன் செல்லுங்கள். தகப்பனை இழந்த பிள்ளைக்கு ஆறுதல் வசனம் சொல்வதோடு கூட, அலுவலக வரிசையில் அரைநாள் உடன் நிற்பதும் ஊழியம்தான்.

இந்த மண்ணில் கற்றலின் மதிப்பைக் காட்ட வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, மொழி தெரியாத ஊரில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். இந்த வட்டாரம் இன்று உண்ணும் சோறு, அவர்கள் மாணவர்களாய் இருந்த அந்தச் சில மாதங்களில் விதைக்கப்பட்டது. விருதுநகரில் 1903 ஜூலை 15-ஆம் நாள் பிறந்த காமராசர், சிறுவயதில் தகப்பனை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, மாமனின் துணிக்கடையில் நின்றார். தமக்குக் கிடைக்காததைத்தான் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் இருந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கச் செய்தார். மூடப்பட்ட பள்ளிகள் திறந்தன. புதிய பள்ளிகள் எழுந்தன. மதிய உணவு வந்தது. அவர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடப்படுவதும், அது கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வருவதும் பொருத்தமாய் அமைந்திருக்கிறது. மிட்டாய் கொடுத்துக் கலைந்துவிடுகிற நாளாய் அது போய்விடாதிருப்பதாக.

இன்னொருவரையும் நம் சபை நினைக்க வேண்டும். ராக்லாந்து ஐயர் 1841-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். அந்தத் தகுதிக்கு அவருடைய நாட்டில் எந்தக் கதவும் திறந்திருக்கும். அவரோ 1854 முதல் வட திருநெல்வேலிச் சீமையில் கூடாரம் அடித்து ஊர் ஊராய் நடந்து, 1858 அக்டோபர் 22-ஆம் நாள் இதே சிவகாசியில் கண்மூடினார். நான்காம் இடம் பெற்றவர் என்பதற்காக அவரை இங்கே யாரும் நினைப்பதில்லை. பெற்ற அறிவைக் கொண்டு யாரிடம் வந்தார் என்பதற்காகவே நினைக்கிறோம். முதல் இடம் பெறும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெற்ற இடம் பிறருக்கு உதவுவதற்காகக் கொடுக்கப்பட்டது. எண்பத்தாறு வாங்கிய மாணவி, முப்பத்தொன்று வாங்கியவனுக்கு ஒரு மாலையில் ஒரு கணக்கை விளக்கிக் கொடுத்தால், இருவருமே வளர்வார்கள்.

இனி சபையாய் நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

நம் சபைகளில் பொதுத்தேர்வுக்கு முன் மாணவர்களுக்காகச் சிறப்பு ஜெபம் நடத்துகிறோம். பிள்ளைகள் நுழைவுச்சீட்டையும் பேனாவையும் கொண்டுவந்து முழங்காற்படியிடுகிறார்கள். நல்ல வழக்கம். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அறுவடைக்கு முந்தின நாள் மட்டும் வயலுக்காக ஜெபிக்கிறோமா? ஜூலையிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒதுக்குவோம். அவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிப்போம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் ஒரு பெரியவர், தீபாவளி வரை வாரம் ஒரு முறை விசாரிக்கப் பொறுப்பேற்கட்டும். "நேற்று பள்ளிக்குப் போனாயா?" என்று கேட்க ஓர் அண்ணனோ அக்காளோ இருக்கிறார்கள் என்பதே பல பிள்ளைகளை வகுப்பில் இருத்திவைக்கும்.

ஆலயத்தின் பக்கத்து அறையை மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை திறந்து வைப்போம். ஒரே அறையில் அடுப்பும் தொலைக்காட்சியும் படுக்கையும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு விளக்கும் ஒரு விசிறியும் ஒரு பாயும் பெரிய உதவி. கல்லூரியில் படிக்கும் நம் வாலிபர் இரண்டு பேர் முறைவைத்து உடன் அமர்ந்தால் போதும். அதற்கு ஆகும் மின்கட்டணம் நம் பண்டிகை அலங்காரச் செலவில் சிறு பகுதிக்கும் ஈடாகாது.

ஆண்டுதோறும் முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். அதோடு கூட, காலாண்டுத் தேர்வுக்குப் பின் இன்னும் இரண்டு பரிசுகளைச் சேர்க்கும்படி சபைக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்குச் சென்ற எல்லாருக்கும். மற்றொன்று, தான் நின்ற இடத்திலிருந்து அதிக தூரம் முன்னேறிய பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை இன்னும் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொடாதிருந்தாலும் கொடுக்க வேண்டும். தாலந்துகளின் உவமையில் ஐந்தைப் பத்தாக்கினவனுக்கும் இரண்டை நான்காக்கினவனுக்கும் எஜமான் ஒரே பாராட்டைத்தான் கொடுத்தார் என்பதை மறவாதிருப்போம்.

பெற்றோரே, அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளைகள் உயர்கல்விக்குச் செல்லும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதல் அதையே கொடுக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020 முதல் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பத்தாம் வகுப்பைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று தெரியாத வீட்டில்தான் பள்ளியை நிறுத்துவது எளிதாகிறது. வழி முன்னே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புத் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விடைத்தாளில் சிவப்பு மையில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். எந்தக் கேள்வியில் வழி தவறினீர்கள் என்று திரும்பப் பாருங்கள். அதை ஆசிரியரிடம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவரும் தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார், அவர்களிடம் வினாவினார் என்று லூக்கா எழுதுகிறார். வினாவுவது அறியாமையின் அடையாளமாய் அவருக்குத் தோன்றவில்லை. இன்று நீங்கள் நிற்கும் இடம் எதுவாயினும், ஜூனில் நின்ற இடத்தைத் திரும்பிப் பாருங்கள். ஓர் அடி முன்னே வந்திருந்தால் அது உங்கள் சாதனைதான். அதைச் சிறிதென்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

இந்த வாரம் நம் தெருவில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைச் சந்தித்தால் மதிப்பெண்ணைக் கேட்காதிருப்போம். "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்போம். பதிலைப் பொறுமையாய் நின்று கேட்போம்.

முளைக்கப்பண்ணுகிறவரும் விளையச்செய்கிறவருமாகிய கர்த்தர், நம் பிள்ளைகளின் வாசிப்பையும் பெற்றோரின் வேர்வையையும் ஆசிரியர்களின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக. இந்தப் பண்டிகைக்காலம் முழுவதும் ஆலைகளில் உழைக்கும் நம்மவர் ஒவ்வொருவரையும் சேதமின்றி வீடு சேர்ப்பாராக. ஆமென்.